ஏழாவது கரித்துணி

அந்த வீட்டில் சண்டை வர சொத்து வேண்டாம், மாமியார் வேண்டாம். சமையல் மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் போதும்.

மெக்கானிக் தோளில் கிடக்கும் துணியை உருவிக்கொண்டு பாய்ந்து வருவார். அதற்குள் அவர் மனைவி பேப்பர் டவலில் ஒன்றைக் கிழித்து, துடைத்து, குப்பைக்கூடையின் மூடியைக் காலால் திறந்து உள்ளே போட்டிருப்பார். பிறகு ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் அருவருப்போடு பார்ப்பார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெரு முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் கட்டிய புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள்தான் நெளிவார்கள். ஒரு தடவை தொட்டதைத் தூக்கி எறிவது சிஸ்டரின் தொழில் தர்மம். மெக்கானிக்கோ மீசை முளைக்கும் முன்பே ஒர்க்‌ஷாப்புக்குள் போனவர். அங்கே கை துடைக்கக் கட்டுக் கட்டாக பனியன் வேஸ்ட் வரும். பனியன் தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகள். கிரீஸைக் குடித்துக் குடித்துக் கறுத்து, தானாகவே நிற்கும் பக்குவம் வரும்வரை அதை யாரும் எறிய மாட்டார்கள்.

சிஸ்டருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் சமையலறை மெக்கானிக்கின் ராஜ்ஜியம். சமையல் நன்றாகவே வரும். வாசனையில் மட்டும் லேசாக டீசல் தெரிகிறது என்று மகள் சொல்வாள். பழைய நீலக்கட்டம் போட்ட படுக்கை விரிப்பைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, ஏழு கரித்துணி செய்து ஏழு ஆணியில் மாட்டியிருந்தார். அடுப்புக்கு ஒன்று, பாத்திரத்துக்கு இரண்டு, கைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் உத்தியோகம் உண்டு.

“கிருமிக்குக் குடியிருப்பு கட்டி வச்சிருக்கீங்க” என்பார் சிஸ்டர்.

“கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கிறேன்ல? உன் பேப்பரைக் கொதிக்க வச்சுப் பாரேன், கஞ்சிதான் வரும்.”

இவ்வளவு பேசினாலும் அந்தத் துணிகளை தினமும் எண்ணுவது சிஸ்டர்தான். தியேட்டரில் நோயாளியின் வயிற்றைத் தைப்பதற்கு முன் பஞ்சையும் துணியையும் எண்ணியாக வேண்டும்; கணக்கு இடித்தால் டாக்டரே ஆனாலும் ஊசியைக் கீழே வைக்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. விளக்கை அணைக்கும் முன் ஆணிகளை ஒரு பார்வை பார்த்து, “ஏழு” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். மெக்கானிக் அதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

கிண்டல் செய்யும் யோக்கியதை அவருக்குக் கொஞ்சமும் கிடையாது என்பதுதான் விஷயம். எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கும்போது, அது மூச்சு இழுக்கும் வாய்க்குள் போல்ட் எதுவும் விழாமல் இருக்க ஒரு துணியைத் திணித்து வைப்பார்கள். மூடும்போது அதை எடுக்க வேண்டும். சில மாதத்துக்கு முன் ஒருநாள் மெக்கானிக் எடுக்கவில்லை. நடுரோட்டில் மூச்சு முட்டி நின்ற அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்த முதலாளி, “இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, டூல் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நீ கிளம்பிடு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இந்த வயதில் வேறு எந்த ஒர்க்‌ஷாப்பும் மெக்கானிக்கைச் சேர்க்காது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

இப்படியிருக்க ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் சிஸ்டர் ஆணிகளைப் பார்த்தார். “ஆறு” என்றார்.

“எங்கயாவது காயும்.”

“கொடியில இல்ல. பாத்துட்டேன். ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனீங்களா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த மெக்கானிக், அப்படியே மூட மறந்தார். அன்று பகலில் பனியன் வேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. பல் டாக்டரின் கார் பிரித்துக் கிடந்தது. சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, கையில் கிடைத்ததை எடுத்து எஞ்சினின் வாயில் திணித்தது நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்தது நினைவுக்கு வரவில்லை. பேட்டரி சார்ஜில் இருந்ததால் ஓட்டிப் பார்ப்பதையும் காலைக்குத் தள்ளியிருந்தார். பல் டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போக, விடிந்ததும் வண்டி எடுக்க வருகிறார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். சிஸ்டர் திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

“காலையில நானும் வர்றேன்” என்றார் சிஸ்டர்.

விடிந்ததும் விடியாததுமாக இருவரும் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, முதலாளி ஏற்கெனவே ஷட்டரைத் தூக்கிவிட்டு, பேட்டரியை மாட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகப் போனார்.

“நிறுத்துங்க!”

தியேட்டர் குரல் அது. பெரிய டாக்டர்களையே நிறுத்திய குரல். சாவி சுட்டது போல முதலாளி கையை எடுத்தார். போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மேஜைமேல் கிடந்தவர் அவர், பக்கத்தில் நின்றவர் சிஸ்டர். அன்றிலிருந்து சிஸ்டரை எங்கே பார்த்தாலும் முதலாளி பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, இரண்டு கிளாம்பைத் தளர்த்தி, குழாயைக் கழற்றி, விரலை உள்ளே விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார்.

நீலக்கட்டம் வரவில்லை. வெள்ளையாக வந்தது. பூப்போட்ட பேப்பர் டவல், உருண்டையாக.

சாப்பாட்டுப் பையில் அதை வைத்தது சிஸ்டர். தினமும் வைப்பார், தினமும் மெக்கானிக் தொடாமல் திருப்பிக் கொண்டுவருவார். நேற்று மட்டும், அவசரத்துக்கு, கொள்கையைக் காற்றில் விட்டிருக்கிறார். தான் பேப்பரைத் தொட்டிருப்பேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் அவருக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி இறங்கி வந்து உருண்டையைப் பார்த்தார். முகம் சிவந்தது. “நான் என்ன சொன்னேன்? டூல் பாக்ஸை...”

“இருங்க” என்றார் சிஸ்டர். “உங்க வயித்தை மூடறதுக்கு முன்னாடி துணியை எண்ணினது யாரு தெரியுமா? நான். ஒண்ணு குறைஞ்சுது.”

முதலாளியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. “குறைஞ்சுதா?”

“பக்கத்துல நின்ன ஒருத்தர் கவுன் மடிப்புல மாட்டியிருந்துச்சு. தேடி எடுத்து, திரும்ப எண்ணி, அப்புறம்தான் தைச்சோம். தேடினவங்களை யாரும் வேலையை விட்டுத் துரத்தல. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி இவரு தானா வந்து நின்னாரா இல்லையா?”

முதலாளி வயிற்றை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது போலிருக்கிறது.

“மூடி ஸ்டார்ட் பண்ணு” என்றார் மெக்கானிக்கிடம். “டாக்டர் வர்ற நேரம்.” சிஸ்டரிடம் திரும்பி, “மழை வரும்போல இருக்கு” என்றார். வானம் பளிச்சென்று இருந்தது.

கார் கிளம்பிப் போன பிறகு மெக்கானிக் மனைவியை ஸ்கூட்டர் வரை கொண்டுவந்து விட்டார். ஏதாவது சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் கிண்டல் செய்த வாய்க்கு நல்ல வார்த்தை சுலபத்தில் வரவில்லை. இந்த மனுஷி இல்லாவிட்டால், தான் எப்போதோ நடுரோட்டில் நின்றிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

சிஸ்டர் சாவிக்காகக் கைப்பையைத் துழாவினார். சாவியோடு நீலக்கட்டத்தின் ஒரு நுனியும் வெளியே வந்தது. சட்டென்று உள்ளே தள்ளினார்.

“என்னது அது?”

“எது?”

“அதுதான்.”

சிஸ்டர் ரோட்டைப் பார்த்தார். “டிபன் டப்பா ஒழுகுது. புதுசு வாங்கணும்னு எத்தனை நாளா சொல்றேன்? நேத்து துணியைச் சுத்தி எடுத்துட்டுப் போனேன். பையிலேயே மறந்துட்டேன்.”

“ஏன் சிஸ்டர், பேப்பர்ல சுத்தறதுதானே?”

சிஸ்டர் ஹெல்மெட்டை மாட்டினார். அதற்குள்ளிருந்து, கேட்டும் கேட்காத மாதிரி, “பேப்பர் தாங்காதுங்க” என்று வந்தது.

இந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கும் வெற்றிக்காக மெக்கானிக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தார். கைதட்டிச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் சட்டைப்பையில் அந்தப் பேப்பர் உருண்டை உறுத்தியது. டப்பா ஒழுகாமல் இருந்திருந்தால் நேற்று ஏழும் ஆணியில் தொங்கியிருக்கும். சிஸ்டர் “ஏழு” என்று சொல்லி விளக்கை அணைத்திருப்பார். இவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஸ்கூட்டர் நகர்ந்தது. மெக்கானிக் பின்னாலேயே நாலு எட்டு ஓடினார்.

“ஏம்மா, அந்த டப்பாவை மட்டும் மாத்திடாத!”