ஒரு வாது விட்டு வெட்டியது

கவ்வாத்துக் கத்தியோடு இருபத்தெட்டு வருடம் தேயிலை மலையில் நின்றவன் நான். எப்பேர்ப்பட்ட செடியையும் புதுக் குருத்து விடும்படி வெட்டிவிடுவேன்; இரண்டு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறப்பதுதான் கஷ்டம். அப்படிப்பட்டவனுக்குப் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, அதை அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. சில மாதங்களில் சிறுநீரும் கட்டுக்குள் வந்தது. ஒன்று மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

மனைவி அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினேன். வீட்டில் அவளுடைய சிரிப்பும் நின்றுபோனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஹட்டனில் வாங்கிய ஒரு பத்திரிகையில், என்னைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டில் ‘குருத்தணு சிகிச்சை’ செய்து பார்க்கிறார்கள் என்று போட்டிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்துக் கூட்டிப் படித்ததில் ‘குருத்து’ மட்டும்தான் நன்றாக விளங்கியது. குருத்தைப் பற்றி எனக்கா தெரியாது? அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த கிளினிக் வரை அது நெஞ்சின் மேல் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் என் மகனைப் போன்றவர். பக்கத்தில் நர்ஸம்மா வேறு. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய பேச்சு அவரைக் கண்டதும் பறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்:

“ஐயா, கவ்வாத்து வெட்டி எட்டு மாசமாச்சுங்க. இன்னும் குருத்து விடலைங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதைத் தோட்டத்துத் துரையிட்டையெல்லோ கேக்கவேணும்?”

தோட்ட மேனேஜர் துரை முன்னால் நின்று இதைக் கேட்பதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே பத்திரிகைத் துண்டை நீட்டினேன். நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு அலுமாரிப் பக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது. டாக்டரும் சிரித்துவிட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குருத்தணு நம் உடம்பிலேயே இருப்பது, வேறு அணுக்களாக வளரக்கூடியது. ஆனால் இந்தக் குறைக்கு அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம்; குணமாக்குகிறேன் என்று யார் வந்தாலும் நம்ப வேண்டாமாம். நெஞ்சைச் சோதித்துவிட்டு மாத்திரை தந்து பார்க்கலாமாம். நரம்பு தேற இரண்டு வருடமும் ஆகலாமாம். கடைசியில் என் ஃபைலைப் புரட்டினார்.

“ஒரு பக்கத்து நரம்பை வெட்டாமல் விட்டிருக்கினம். அது நல்ல விசயம். ஆனா கட்டாயம் வரும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

எனக்கு அது போதும். மெலிந்த செடி என்றால் நாங்களும் மொட்டையாக வெட்டுவதில்லை. மூச்சு விட ஒரு வாதை, ஒரே ஒரு கிளையை, இலையோடு நிறுத்திவிடுவோம். வட்டகொடை வரை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மனைவி கொழுந்தெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன், துரை கதை உட்பட.

“அப்ப ஒரு வாது விட்டுத்தான் வெட்டியிருக்காங்களா?” என்றாள்.

“ஆமா புள்ள.”

“நானும் பட்ட மரம்னுல்ல நெனச்சேன். செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா எப்புடிங்க குருத்து விடும்?”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செம்பு உருண்டு ஓடியது. நானும் சேர்ந்துகொண்டேன். வீடுகள் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி நடுச்சுவரைத் தட்டி, என்ன இந்தக் கூத்து என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா, கவ்வாத்துக் கத,” என்றாள் இவள்.

“வீட்டுக்கு வந்துமா மலைப் பேச்சு?” என்று சலித்துக்கொண்டது சுவர்.