டிக்கெட்டம்மாவின் முதல் டிக்கெட்

"இதை ஆபீஸுன்னு நினைச்சீங்கன்னா இப்பவே எழுந்து போயிடலாம். இது ஏர்போர்ட்டு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேனுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினாள் டிக்கெட்டம்மா. "அதுதான் செக்யூரிட்டி. வளையலைக் கழட்டித் தட்டுல வைங்க. இடுப்புல சாவி இருந்தா அதையும்தான்."

எதிரே நின்றவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மகனைப் பார்க்க முதன்முதலாக, அதுவும் தனியாக, வெளிநாடு போகிறார். வளையல்களைக் கழற்றி டீ தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கியபடி தண்ணீர் கேனைக் கடந்தார். எங்கே அது கத்திவிடுமோ என்று முகத்தில் ஒரு கலவரம்.

கடந்தாயிற்று. அதற்குள் டிக்கெட்டம்மா மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியிருந்தாள். இப்போது அவள் குடியுரிமை அதிகாரி. குரலே வேறு.

"எதுக்குப் போறீங்க?"

"மகனைப் பார்க்க."

"அவர் கூப்பிட்டாரா, நீங்களா கிளம்பிட்டீங்களா?"

டீச்சருக்கு உதடு துடித்தது. "முதல்ல நான்தான் கேட்டேன். அப்புறம் அவனும் சரின்னுட்டான். மருமக என்ன நினைக்கிறாளோ..." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டத் தொடங்கிவிட்டது.

டிக்கெட்டம்மா கண்ணாடியை மேலே ஏற்றிப் பழைய மனுஷியாகி, டீச்சர் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தாள். "இப்படிக் கதை சொல்லக்கூடாது டீச்சர். 'மகன் வீட்டுக்குப் போறேன், திரும்பி வந்துடுவேன்.' அவ்வளவுதான். நம்ம கஷ்டமெல்லாம் ஆபீசருக்கு எதுக்கு?"

அந்தப் பயண அலுவலகத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் இந்த ஒத்திகைக்குத் தப்பியதில்லை. டிக்கெட் போடுவதற்குத்தான் சம்பளம், ஒத்திகை இனாம். விமானத்தில் காது அடைத்தால் என்ன செய்வது, கழிவறைக் கதவை இழுப்பதா தள்ளுவதா, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கினால் அவர் மனம் நோகாமல் எப்படி நகர்த்துவது, எல்லாவற்றுக்கும் அவளிடம் வழி உண்டு. கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

தனியாகப் போகிற அம்மாக்களுக்கு மட்டும் தனிச் சலுகை. டிக்கெட் போடும்போதே, கூடவே சக்கர நாற்காலிக்கும் சொல்லிவிடுவாள். நடக்க முடியாததற்காக இல்லை, வழி தெரியாததற்காக. உட்கார்ந்துவிட்டால் போதும், வாசலிலிருந்து விமானம் வரை ஒருவர் தள்ளிக்கொண்டு போய்விடுவார். யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. "கால்வலின்னு சொல்லுங்க. எந்தக் காலுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அப்படியே கேட்டாலும் ஒரே காலையே சொல்லுங்க. மாத்தி மாத்திச் சொல்லி என் பேரைக் கெடுக்காதீங்க."

இவ்வளவும் தெரிந்த டிக்கெட்டம்மா விமானத்தில் கால் வைத்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டு வந்தவர்களை உட்காரவைத்துக் கறந்தது. ஊர் திரும்பியவர்கள் நன்றி சொல்ல வந்தால், "அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கதவு கண்ணாடியா, இரும்பா? அங்கேர்ந்து இடது பக்கமா, வலது பக்கமா?" என்று பிடித்துக்கொள்வாள். "நீங்க எத்தனை நாடு போயிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் நான் கணக்கு வச்சுக்கிறதில்ல" என்பாள். பொய் இல்லையே. ஒன்றுமே இல்லாததற்கு யார் கணக்கு வைப்பார்கள்?

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: முதலாளியும் வீட்டுக்காரரும். வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். டிக்கெட்டம்மா பல் டாக்டரிடம்கூடத் தனியாகப் போகமாட்டாள். லிஃப்டில் வேறு யாரும் இல்லையென்றால் யாராவது வரும்வரை, போனில் ஏதோ பார்ப்பதுபோல வெளியே நிற்பாள். பறப்பதில் அவளுக்குப் பயமில்லை. வழி தெரியாமல் நடுவழியில் நின்று யாரிடமாவது போய்க் கேட்க வேண்டுமே, அதுதான் பயம். எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். அவள் யாரையும் கேட்டுப் பழக்கமில்லை.

அவளுக்கு ஓர் அக்கா, கடல் தாண்டிக் கட்டிக்கொண்டு போனவள். "ஊரையே ஏத்தி அனுப்பறே, நீ மட்டும் வரமாட்டேங்கறே" என்று போனில் திட்டிவிட்டு, வருஷா வருஷம் அவளே வந்துபோவாள். இந்த முறை வரவில்லை. இதயத்தில் ஏதோ கோளாறு, இனி விமானமே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி காயப்போட்டுக்கொண்டே பேசுகிறவள்போல, "அதனால இனிமே நீ வந்தாத்தான் உண்டு, இல்லேன்னா இப்படிப் போன்லயே பாத்துக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா. டிக்கெட்டம்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். இரண்டு பேருக்கும் விசாவுக்கு எழுதிப் போடச் சொல்லி வீட்டுக்காரரை விரட்டினாள்.

வீட்டுக்காரர் ஒத்திகைக்கு வர மறுத்தவர். "எனக்கேவா?" என்றார். விசா அலுவலகத்தில் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு விசா கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்துவிட்டது.

தன் டிக்கெட்டைத் தானே போட்டாள். மறுநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, நல்லாத்தானே நடக்கறே? சக்கர நாற்காலி போட்டிருக்கே?"

"கை பழக்கம். தானா விழுந்திருக்கும்."

"எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும் விடுங்க. எடுக்கப் போய் சீட்டு எதாச்சும் மாறிடப் போவுது."

கை பழக்கம் என்று நாமும் நம்பிவிடுவோம்.

புறப்படும் நாளில் வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவு வரை வந்தார். அதற்கு மேல் அவரை விடமாட்டார்கள். "உள்ள போனதும் போன் பண்ணு" என்றார். உள்ளே போனதும் பண்ணினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்துகொண்டே இருந்தது. "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "என்னைக் கேக்கறியா?" என்றார் அவர்.

பெட்டியைப் போட்டாயிற்று. பெரிய மீசை வைத்த ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்து அவள் பெயரைப் படித்தார். டிக்கெட்டம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டம்மா, நீங்களா?"

கணக்கு டீச்சர். மகன் கடைசி நேரத்தில் தேதியை மாற்றச் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டம்மா லீவில் இருந்ததால் முதலாளியே மாற்றிக் கொடுத்திருக்கிறார். "நீங்களும் இதுலதான் போறீங்கன்னு சொன்னார். அப்பவே எனக்குப் பாதி உயிர் வந்துடுச்சு" என்றார் டீச்சர். முதலாளி அதை நல்லெண்ணத்தில் செய்தாரா, குறும்பில் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

டிக்கெட்டம்மா விசுக்கென்று எழுந்துவிட்டாள். "உங்களுக்குத்தான் டீச்சர். நாற்காலி உறுதியா இருக்கான்னு உட்கார்ந்து பார்த்தேன்."

"ரெண்டு பேர் பேரும் இருக்கே. இன்னொரு வண்டி வர நேரமாகும். யாரு உக்காரப் போறீங்க?" என்றார் மீசைக்காரர்.

"எனக்கு வலது கால்" என்றார் டீச்சர், யாரும் கேட்காமலே. பிறகு டிக்கெட்டம்மாவைப் பார்த்து, சரிதானே என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார்.

டீச்சர் உட்கார்ந்தார். மீசைக்காரர் தள்ளினார். டிக்கெட்டம்மா அரையடி பின்னால் நடந்தாள். வண்டி வலது பக்கம் திரும்பியதும், "இப்ப வலது பக்கம் திரும்பணும்" என்றாள். வண்டி நின்றதும், "இங்க கொஞ்சம் நிக்கணும்" என்றாள். மீசைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாவம், எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறார், வழி சொல்லிக்கொண்டே பின்னால் வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

செக்யூரிட்டியில் மெஷின் கத்தியது. கத்தவைத்தது டிக்கெட்டம்மா. அவள் விழித்துக்கொண்டு நிற்க, நாற்காலியிலிருந்து டீச்சர், "சாவி, இடுப்புச் சாவி" என்று நினைவூட்டினார். வீட்டுச் சாவியையும் அலுவலக பீரோ சாவியையும் இடுப்பில் செருகியபடியே அவள் வெளிநாட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

அடுத்தது குடியுரிமை அதிகாரி. நிஜமான அதிகாரி. கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை, சின்ன வயசு, சிரித்த முகம்.

"எதுக்கும்மா போறீங்க?"

ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பதில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. "எங்க அக்காவைப் பார்க்க. வருஷா வருஷம் அவதான் வருவா. இப்ப அவளுக்கு நெஞ்சுல கோளாறு. ஏறக்கூடாதுன்னுட்டாங்க. நானும் இவ்வளவு நாளா லீவு இல்ல, லீவு இல்லன்னு சொல்லிட்டே இருந்துட்டேன், லீவெல்லாம் இருந்துச்சு சார், பயந்துக்கிட்டுத்தான்..." மூக்கை உறிஞ்சினாள். அதிகாரி எப்போதோ முத்திரை குத்திவிட்டிருந்தார். "அக்கா நல்லாயிருப்பாங்க, போங்கம்மா" என்றார்.

பக்கத்து வரிசையிலிருந்து டீச்சர் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். மீசைக்காரர் மறுபடி வண்டியைத் தள்ளினார்.

"நான் இதுக்கு முன்னாடி எங்கேயும் போனதில்ல டீச்சர்" என்றாள் டிக்கெட்டம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு அன்னிக்கே தெரியும். போயிட்டு வந்தவங்க யாரும் இவ்வளவு விவரமா சொல்லமாட்டாங்க. என் பையன் எத்தனையோ தடவை போயிருக்கான், கேட்டா 'அதெல்லாம் ஈசிம்மா'ங்கறான்." டீச்சர் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க புண்ணியத்துலதான் நான் கிளம்பினேன்."

விமானத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்து, காது அடைக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போனார்கள். நடுவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டிய ஊரில் டீச்சருக்கு ஒரு திசை, டிக்கெட்டம்மாவுக்கு வேறு திசை. டீச்சருக்கு நாற்காலி வந்தது. டிக்கெட்டம்மாவுக்கு வரவில்லை. முன்பு அதை வேண்டாமென்று அவளே எழுந்துவிட்டாளே, அவள் நடக்கக்கூடியவள் என்று மீசைக்காரர் குறித்து அனுப்பிவிட்டாராம்.

டீச்சரின் கை அசைந்து அசைந்து கூட்டத்தில் மறைந்தது. டிக்கெட்டம்மா நடுக்கூடத்தில் நின்றாள். இந்த ஊரில் மாறிப் போனவர்கள் எத்தனையோ பேரை அவள் கறந்திருக்கிறாள். ஒருவர்கூட இது இவ்வளவு பெரிசு என்று சொல்லவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் வழி யாரையாவது கேட்கத்தான் வேண்டும். சரி, கேட்பதுதான் கேட்கிறோம், அக்கா வீட்டுக்கே கேட்போம் என்று முடிவு செய்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டாள். அவள் காட்டிய பக்கம் போய், செய்தித்தாள் படித்தவரைக் கேட்டாள். அவர் சரியாகத்தான் சொன்னார்; ஆனாலும் சந்தேகத்துக்கு, குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தியையும் கேட்டாள். பாஷை பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. யாரும் அவளைக் கடித்துக் குதறவில்லை. சரியான வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகும், இதுதானா என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

அக்கா ஊரில், பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி கோணல்மாணலாக வந்தது. பாஸ்போர்ட் இருந்த இன்னொரு கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், போனில் பார்த்ததைவிட ஒரு சுற்று இளைத்து, அக்கா நின்றிருந்தாள்.

"யார்கூடடி வந்தே?"

"யார்கூடவா? தனியாத்தான்."

"பயமா இருந்துச்சா?"

"எனக்கென்ன பயம்? ஊரையே ஏத்தி அனுப்பறவ நான்" என்றாள் டிக்கெட்டம்மா, அலுவலகக் குரலில்.

"சரி, சரி. பாஸ்போர்ட்டைக் குடு, பத்திரமா பையில வைக்கறேன்" என்று அக்கா அதைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. மறுபடி இழுத்தாள். அப்போதும் வரவில்லை. டிக்கெட்டம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, விறைத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.