ரெண்டு ஆளுக்கு இறுக்குன ஸ்ப்ரிங்

மண்டபத்தூர் கடக்கரையில மீன் கூடை ஏத்த எங்க வீட்டுக்காரரு நாலு சக்கர மணல் பைக்கு ஒண்ணு வாங்குனாரு. ஓட்டுறது நான். பின்னாடி உக்காந்து, "மெதுவா போடி, எனக்கு இன்னும் ஆயுசு இருக்கு"ன்னு கத்துறது அவரு. பொய் சொல்லிட்டாரு. போன மாசியில போய்ச் சேந்துட்டாரு.

அப்பறம் தனியா ஓட்டுனா வண்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நெரவி ஊரு மெக்கானிக் தம்பி குனிஞ்சு பாத்துச்சு.

"பின் ஸ்ப்ரிங்க ரெண்டு ஆளு கனத்துக்கு இறுக்கியிருக்கு ஆத்தா. ஓராளுக்குத் தளத்திட்டா மெத்த மாதிரி போகும்."

ஸ்பேனர எடுத்த கையப் புடிச்சிக்கிட்டேன். "வேணாம்ப்பா."

"இடுப்பு போயிடும் ஆத்தா."

"போனா போவட்டும். அவரு எறங்கிட்டாருன்னு வண்டிக்கு இன்னும் தெரியாது. நான் எதுக்குச் சொல்லணும்?"

இப்பவும் மேடு வந்தா திரும்பிப் பாக்காமலே சொல்லுவேன், "கெட்டியாப் புடிச்சிக்கிங்க."