ஒரு சீட்டுக்கு ஒரு நோய்

அஞ்சலை என்ற நோயாளியின் சிறுநீரகம் கெட்டதில் எனக்குப் பங்குண்டு. அதைவிடக் கேவலம், பழியை அவள் தலையிலேயே கட்டியவளும் நான்தான்!

பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பிரிவு. ஆளுக்கு ஒரு நோய் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை... சர்க்கரை தனியாக வருவதில்லை. கூடவே பிரஷர் வரும், பிறகு கால் மரத்துப்போகும், கண் மங்கும், மூட்டு வலிக்கும். உடம்பு ஒன்றுதான், நாங்கள்தான் அதைப் பங்கு பிரித்து அறை அறையாக வைத்திருக்கிறோம்.

என் மேசையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சீட்டுக்கு ஒரு நோய்தான் சொல்ல வேண்டும். யார் போட்ட சட்டம்? நான் போட்டது! வரிசை நகர வேண்டுமே. வேறு வலியைச் சொன்னால் எரிந்து விழுவேன். போகப் போக ஜனங்களும் பழகிவிட்டார்கள். இன்றைக்கு எந்த நோயைச் சொல்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு!

அஞ்சலைக்குக் குன்னம் பக்கம். சின்ன வெங்காயக் காட்டில் குந்தியே களையெடுத்து முட்டி தேய்ந்தவள். மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருவாள். ஒருநாள் மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சிஸ்டர், முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கித் தெனம் போடுறேன். இதையும் சேத்துப் போடலாங்களா?"

அந்த அட்டையை நான் கையில்கூட வாங்கவில்லை.

"மூட்டு வலிக்கு வேற ரூமு. இங்க அதெல்லாம் சொல்லாதீங்கம்மா. பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க, பாருங்க!"

அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தினம் விழுங்கினால் சிறுநீரகம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்... தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு எரியாது.

அடுத்த ஆண்டு முகமும் காலும் வீங்கி வந்து படுத்தாள். இனி டயாலிசிஸ்தான் என்றார்கள். அவள் மடியிலிருந்த வலி மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"வலி மாத்திரை போடுறத இவங்க சொல்லவே இல்லியா?"

கட்டிலில் அவள். பக்கத்தில் லாரி ஓட்டும் அவள் மகன். நான் வாய் கூசாமல் சொன்னேன்... "சொல்லல சார்."

மகன் தாயின் மேல் பாய்ந்தான். "ஏம்மா, வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லித் தொலச்சிருந்தா இந்தக் கதி வருமா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டன்டா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? என் மேல் இரக்கமா? இரக்கமாம்! மாத்திரை கொடுக்கிறவளைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயம், வேறென்ன?

இப்போதும் டயாலிசிஸுக்கு வருகிறாள். கூட வரும் மகன் வராந்தாவில் நின்று அவளைத்தான் திட்டுகிறான். கதவைத் தாண்டிப் போய் உண்மையைச் சொன்னால் போதும். அவன் வாய் அடங்கிவிடும். நான் போவதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், அவனிடம் சொல்ல முடியவில்லை... எனக்கு வேலை வேண்டுமே!

போன வாரம் அவளிடம் நானே போய்க் கேட்டேன். "வேற ஏதாவது பண்ணுதாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஒன்னுமில்லீங்க சிஸ்டர்" என்றாள்.