பால்வெட்டுக்காரரின் இருபத்துநாலு மணி நேரம்

அடுத்தவர் கொண்டுவரும் மூத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் பாறசாலை லேபில் என் வேலை. முகம் சுளிக்காதீர்கள், டப்பாவை ஒளித்துப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஒருநாள் எங்கள் முன்னால் நின்றவர்தான்.

துணிக்கடைப் பை

குன்னத்துகால் செல்வராஜ் அண்ணன் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர். மனைவி லிசிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க இவர் தயார். அது நல்லதுதானா என்று பார்க்க, ஒரு பகல் ஒரு இரவு போகிற மூத்திரம் முழுவதையும் பிடித்துவரச் சொல்லி கேன் கொடுத்தேன். மறுநாள் கல்யாணத் துணி எடுத்த பளபளப் பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"பஸ்ஸில ஒருத்தி, இது எந்தக் கடையில எடுத்ததுன்னு கேட்டா அக்கா."

கணக்கு உதைத்தது

ரிசல்ட் மோசம். டாக்டர் பார்த்தால் இவருடையது வேண்டாம் என்றுவிடுவார். பெஞ்சில் லிசி வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினம் முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிற உடம்பு. அந்தத் தசையிலிருந்து வரவேண்டிய கழிவில் பாதிகூட கேனில் இல்லை. எல்லாவற்றையும் பிடித்தீர்களா என்று அதட்டினேன்.

"வீட்டில போனதில ஒரு சொட்டு விடல்ல. மூணு மணிக்கு எழும்பி, வெட்டு முடியது வரைக்கும் தோட்டத்தில போனதை நான் எங்க போய்ப் பிடிக்க?"

ஹார்மோனுக்கு மணி தெரியும்

தலையில் அடித்துக்கொண்டேன். நாம் தூங்கும்போது ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, தண்ணீரை வீணாக்காதே என்று சிறுநீரகத்தை அதட்டி வைக்கிறது. அதனால்தான் எழுந்ததும் போவது கெட்டியாக, கடும் மஞ்சளாக இருக்கிறது. நமக்கு ஆறு மணிக்கு வருவது பால்வெட்டுக்காரருக்கு மூன்று மணிக்கே வந்துவிடும். சரக்குள்ளதையெல்லாம் ரப்பர் மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு மிச்சத்தை எனக்குத் தந்திருக்கிறார், மகராசன். மூன்று மணிக்குத் தொடங்கி மறுநாள் மூன்று மணிக்கு முடிக்கச் சொல்லி, கேனைத் தோட்டத்துக்கே அனுப்பினேன். பால் வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். கூட வெட்டுகிறவர் சொன்னதை அவரே வந்து ஒப்பித்தார்.

"எலே மக்கா, பாலுன்னு நெனச்சு இதை எடுத்து ரப்பர் ஷீட் அடிக்க ஊத்திராத."

லிசியின் கேள்வி

இரண்டாவது ரிசல்ட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அருமையான சிறுநீரகம். டாக்டரும் மறுபேச்சில்லாமல் சரி என்றார். செல்வராஜ் அண்ணன் வராந்தாவில் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நடந்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. லிசி மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"ஒண்ணை நான் எடுத்தா, பாக்கி ஒண்ணு அவருக்குப் போதுமா அக்கா? மறைக்காம சொல்லணும்."

போதும் என்று அடித்துச் சொன்னேன். மூத்திரம் பார்க்கிறவளுக்கு யாரும் மாலை போடமாட்டார்கள், அன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.