பாடு இல்லாத தேசம்மா

“இந்தம்மா பேரை எடுத்துடுங்க. அவங்களே கஷ்டம் இல்லைன்னுட்டாங்க” என்றார் புயல் நிவாரணத்துக்கு வந்த அதிகாரி. மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்தான். எதிரே நின்ற தேசம்மா ஒன்றும் புரியாமல், சமூக நலப் பணியாளராக உடன் போயிருந்த என்னைப் பார்த்தாள்.

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் அது. தேசம்மா புருஷனை இழந்தவள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பவள். புயலில் கூரை போய்விட்டது. நிவாரணம் வந்தால்தான் மகள் பொன்னேரியில் நர்சிங் படிப்பைத் தொடர முடியும்.

நடந்தது இதுதான். “உங்க பாடு எப்படிம்மா?” என்று அதிகாரி கேட்க, “எனக்குப் பாடு இல்ல சார்” என்றிருக்கிறாள். ஏரியில் பாடு என்றால் வலை போடக் கிடைக்கும் முறை. எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முடிவு செய்யும். அது ஆண்களுக்கு மட்டும். புருஷன் போனதோடு அவள் வீட்டுப் பாடும் போயிற்று. அதிகாரிக்குத் தெரிந்த பாடு வேறு.

விளக்கிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு பெயரைச் சேர்த்தார். உடனே அடுத்த சந்தேகம். “பாடு இல்லைன்னா மீனவர் கணக்குலயே வர மாட்டாங்களே மேடம். ஊர்ல எழுதிக் குடுக்கணும்.”

பக்கத்திலேயே இருந்த ஊர்த் தலைவர் மறுத்துவிட்டார். “ஒருத்திக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு அத்தினி பொம்பளையும் பாடு கேப்பாங்க. ஏரி இன்னா ரப்பரா, இழுத்தா நீள்றதுக்கு?” அவர் சொன்னதும் பொய்யில்லை. முகத்துவாரம் மண்ணடைத்து, இருக்கிற ஆண்களுக்கே முறை வருவது அரிதாகிவிட்டது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகக் கொள்கையையும் சமூகவியலையும் சேர்த்துப் படித்தவள். அரசு ஏன் உதவ வேண்டும் என்று காலை வகுப்பில் சொல்வார்கள். அந்த உதவி ஏன் போய்ச் சேர்வதில்லை என்று மதிய வகுப்பில் சொல்வார்கள். வீடு திரும்பும் ரயிலில் அனுப்பம்பட்டு வரும்வரை இரண்டும் மண்டைக்குள் சண்டை போடும். அதிகாரி ஏன் மறுக்கிறார், தலைவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டிருந்தால் அன்று நான் பத்து மார்க் விடை எழுதியிருப்பேன். ஒரு கூரை போட அது உதவவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

தேசம்மாதான் கடைசியில் வாய் திறந்தாள். “எனக்குப் பாடு இல்ல சார். படுற பாடுதான் இருக்குது. அத்த எங்க எழுதுவீங்க?”

அதிகாரி பேனாவை மூடினார். தலைவர் ஏரிப் பக்கம் பார்த்தார்.

மேலிடம் வரை நடந்து பார்த்தேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்கள். நிவாரணம் வராமலே போய்விட்டது. வேலையில் இருந்தவரை அந்த அலுப்பு என்னை விடவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதோடு நிற்காதீர்கள். அந்தப் பொருளுக்குள் யார் நிற்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்டாலும் சில சமயம் ஒன்றும் நடக்காது.

போன மாதம் ஆரம்பாக்கம் பஸ்ஸில் தேசம்மாவைப் பார்த்தேன். மகளைப் பற்றித் தயங்கித்தான் கேட்டேன்.

“படிப்ப அப்பவே உட்டுட்டா மேடம். இறால் கம்பெனிக்குப் போறா” என்றாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வது போல, “அவ பாட்ட அவ பாத்துக்குறா” என்றாள்.