மேஸ்திரி கட்டிய மதில்

மேஸ்திரி வீட்டில் சில நாளாகச் சோறு உண்டு, பேச்சு கிடையாது. தட்டை ணங்கென்று வைத்துவிட்டு மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மதிலால்தான்.

ஊர் வீங்க வீங்க, கிடைத்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றார்கள். ஒவ்வொரு நகருக்கும் ஒரே வாசல், உள்ளே திரும்பின பக்கமெல்லாம் முட்டுச்சந்து. தங்கள் நகருக்கும் அடுத்த நகருக்கும் நடுவில் மதில் எழுப்பியவர் சாட்சாத் நம் மேஸ்திரி. அப்புறம் பாருங்கள் கூத்தை, மதிலுக்கு அந்தப்புற வீட்டிலேயே மகளைக் கட்டிக்கொடுத்தார். அவள் வீட்டுக் குக்கர் விசில் இங்கே கேட்கும். போவதென்றால் மெயின் ரோடு, பாலம், இரண்டு பஸ். மகளுக்கோ நிறைமாதம். முட்டிவலிக்காரி மனைவி எப்படிப் போய்ப் பார்ப்பாள்?

"ஒரு கதவு வெச்சுக்கலாங்க" என்று நகர்ச் சங்கச் செயலாளரிடம் கெஞ்சினார் மேஸ்திரி.

"திருடன் வருவான்யா! நீங்க மதிலை இன்னும் ஒசத்துங்க."

அந்த வேலையை மேஸ்திரி ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நின்றதுதான் வீட்டுப் பேச்சு.

நாலு நாள் கழித்து மதிலின் இருபுறமும் சாரம் கட்டினார். உலகத்தில் எந்தச் சாரத்துக்கும் இல்லாத சொகுசு: அகலப் பலகையில் படி, பிடித்துக்கொள்ளக் கயிறு. ஒரு செங்கல்கூட வைக்காமல் வீட்டுக்கு வந்தார்.

"கிளம்பு, ஏறலாம்."

மனைவி முறைத்தாள். விளங்கியதும், "அட, திருட்டு மனுஷா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். முனகிக்கொண்டே ஏறி இறங்கியும்விட்டாள்.

பிறகென்ன, டியூஷன் பிள்ளைகளும் பால்காரரும் அதே வழி. வேலை எப்போது முடியுமென்று கேட்டால், "சிமென்ட் வரணுமே" என்பார் மேஸ்திரி. ஒருநாள் சாயங்காலம் மதில் உச்சியில் செயலாளரே மேஸ்திரிக்கு எதிரே வந்தார், கையில் அந்தப்பக்கத்து மருந்துக்கடைப் பை.

"பலகை ஆடும், பாத்துங்க."

செயலாளர் அசடு வழிந்தார். "சரி சரி, கதவே வெச்சிடுங்க."

இடிப்பதற்குள் மேஸ்திரிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "எந்தப் பாவி இவ்வளவு கெட்டியா கட்டினான்?" என்றார் செயலாளர். மேஸ்திரி கடப்பாரையை இன்னும் ஓங்கிப் போட்டார்.

புழுதி அடங்குமுன்னே, சாரம் ஏற முடியாமல் இத்தனை நாள் கிடந்த மகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு செங்கற்களுக்கு நடுவே மெல்ல வந்தாள்.

"ஏம்பா, நீங்க இவ்வளவு பக்கத்துலயா இருக்கீங்க?"

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு மேஸ்திரி கேவிக்கேவி அழுதார்.